லாரிக்காரன் போட்ட ரயில் கணக்கு

சேலம் ஜங்ஷனின் நடைமேம்பாலத்தில் பாதிப் படி ஏறும்போதே எனக்கு மூச்சு வாங்கியது. முதுகில் பதினான்கு கிலோ. போகிற ஊர் கரூர். 85 கிலோமீட்டர் தூரம், சாயங்காலமே திரும்பிவிடும் பயணம். அதற்கு நாலு பேன்ட், இரண்டு ஸ்வெட்டர், குடை, பருப்புப்பொடி, மூன்று நாவல் என்று மூட்டை கட்டிக்கொண்டு வந்தவனை டீக்காரர் ஒரு நிமிடம் பார்த்தார்.

"திருப்பதிங்களா?"

"ஜெர்மனிங்க" என்றான் கொலுசுக்காரன்.

அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. மீதிச் சில்லறையை எண்ணுவதில் மும்முரமாகிவிட்டார்.

நாங்கள் நால்வரும் நாமக்கல்லில் ஒரே பள்ளியில் படித்தவர்கள். ஒருவனுக்கு மூன்று லாரிகள் ஓடுகின்றன. பத்து வருடம் தானே ஓட்டி, பிறகு முதலாளி ஆனவன். இன்னொருவன் புதுச்சத்திரம் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிறான். ஆனால் சுத்த சைவம், முட்டைகூடத் தொடமாட்டான். மூன்றாமவன் சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை போட்டு அங்கேயே குடியேறிவிட்டவன். நான் பள்ளி ஆசிரியன். அவர்கள் வாயில் 'வாத்தி'. நால்வருக்கும் வயது நாற்பத்தாறு. யாரும் இதுவரை இந்தியாவைத் தாண்டியதில்லை.

ஐரோப்பாவை ரயிலில் சுற்ற வேண்டும் என்பது கல்லூரி முடித்த வருடம் பேசிய பேச்சு. வேலை, கல்யாணம், பண்ணைக் கடன், லாரி டியூ, பிள்ளைகள் படிப்பு என்று அது தள்ளிக்கொண்டே போனது. போன பொங்கலுக்கு லாரிக்காரன் பட்டறையில் உட்கார்ந்து தலைக்கு இரண்டரை லட்சம், பதினைந்து நாள் என்று முடிவு செய்தோம். திட்டம் போடும் வேலை வாத்திக்கு வந்தது. நானும் போட்டேன். லண்டன், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், கொலோன், பெர்லின், பிராக், வியன்னா, புடாபெஸ்ட், வெனிஸ், ரோம், சூரிச். பதினோரு ஊர். நகரங்களை இணைத்துக் கோடு வரைந்தபோது வரைபடம் பார்க்க அழகாகத்தான் இருந்தது.

லாரிக்காரன் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னான். "புதுசாப் பாடி கட்டின வண்டியை லோடு ஏத்தறதுக்கு முன்னாடி ஒரு ட்ரையல் ஓட்டிப் பாப்போம் மாப்ள. இதையும் ஓட்டிப் பாத்தர்லாம். அங்க தூக்கப்போற பையை இங்கயே தூக்கிட்டு வாங்க."

அப்படித்தான் அந்தச் சனிக்கிழமை காலை கரூர் பாசஞ்சரில் ஏறினோம்.

*

வண்டி கிளம்பியதும் கொலுசுக்காரன் பையிலிருந்து சிறிய தொங்குதராசை எடுத்தான். கிராம் கணக்கில் வெள்ளி நிறுக்கிற கை அது. என் பை பதினான்கு. கோழிப்பண்ணைக்காரன் பதினொன்று. லாரிக்காரன் ஆறரை. "ரெண்டு செட் துணி, ஒரு கம்பளி, ஒரு துண்டு. துவைச்சுக் கட்டிக்கிட்டாப் போச்சு. லைன்ல போற டிரைவர் பொட்டி பாத்ததில்லையா நீ?" என்றான். அங்கே சுமை தூக்க ஆள் கிடையாது. பழைய நிலையங்கள் பலவற்றில் படிதான். விடுதியில் மூன்றாவது மாடிக்கு லிப்ட் இருக்கும் என்று சொல்ல முடியாது. எட்டுக் கிலோவுக்கு மேல் யாரும் எடுத்து வரக்கூடாது என்பது மல்லூர் வருவதற்குள் சட்டமாகிவிட்டது. மூன்று நாவலில் இரண்டு அங்கேயே உயிர்விட்டன.

மல்லூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் குச்சிக்கிழங்குக் காடுகள். சேகோ ஆலைகளின் களத்தில் மாவு வெயிலில் வெள்ளைவெளேரென்று காய்ந்துகொண்டிருந்தது. நோட்டு என் மடியிலிருந்து லாரிக்காரன் மடிக்குப் போனது. சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினான்.

"பதினோரு ஊர்னா பத்து தடவை ஊர் மாத்தோணும். ரூமைக் காலி பண்றது காலையில பத்து மணி, அடுத்த ஊர்ல ரூம் கிடைக்கறது சாயங்காலம் மூணு மணி. ஒரு மாத்துக்கு அரை நாள் வச்சுக்க. பத்து மாத்துக்கு அஞ்சு நாள். உன் பதினஞ்சு நாள்ல அஞ்சு நாள் மூட்டை தூக்கறதுலயே போச்சு."

நான் பேசவில்லை. பிறகு அவன் சொன்னதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்: "லாரி நின்னா நட்டம். மனுசன் ஓடினா நட்டம்."

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கின் முதல் பாதி ரத்தத்தில் ஊறியது. டியூ கட்டும் வண்டி ஒரு நாள் பட்டறையில் நின்றால் வீட்டில் பேச்சு குறைந்துவிடும். இரண்டாம் பாதியை நாங்கள் யோசித்ததே இல்லை. மலிவுப் பயணத்தில் செலவு தங்குவதில் இல்லை, நகர்வதில்தான் இருக்கிறது. டிக்கெட், நிலையத்திலிருந்து விடுதிக்கு வண்டி, பசியில் கண்ட இடத்தில் வாங்கித் தின்பது, பெட்டகத்தில் பை வைக்கக் காசு. ஒரே ஊரில் மூன்று நாள் இருப்பவனுக்கு எந்தக் கடையில் ரொட்டி மலிவு என்று தெரிந்துவிடும்.

முதலில் லண்டன் அடிபட்டது. ஷெங்கன் விசாவில் பிரிட்டன் வராது. அதற்குத் தனி விசா, தனிச் செலவு. ஷெங்கன் என்பதை நான் விளக்கத் தொடங்கியபோது லாரிக்காரன் கையைக் காட்டி நிறுத்தினான். "ஒரே பர்மிட்டுல 29 நாடு. நேஷனல் பர்மிட் மாதிரி. எல்லையில நிறுத்தமாட்டான். 2017-ல ஜிஎஸ்டி வந்தப்ப மாநில எல்லைல வரி செக்போஸ்ட்டை எடுத்தாங்கல்ல, அதேதானே?" ஷெங்கன் ஒப்பந்தம் 1985-ல் லக்சம்பர்க் நாட்டின் ஒரு சிற்றூரில் கையெழுத்தாகி, 1995 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அதை வகுப்பில் அவன் சொன்னதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்லியிருக்க முடியாது.

*

ராசிபுரத்தில் வண்டி நின்றது. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில் ஊர்ப் பெயர். இந்தப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆர்.கே. நாராயண் நினைவுக்கு வருவார். அவர் பெயரின் முதலெழுத்து ராசிபுரத்தைக் குறிக்கிறது; குடும்பத்தின் பூர்வீகம் இது. அவர் படைத்த மால்குடி 1935-ல் வந்த முதல் நாவலிலேயே பிறந்துவிட்டது. எழுத உட்கார்ந்தபோது முதலில் மனத்தில் வந்தது ஒரு சின்ன ரயில் நிலையம்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார். கற்பனையில் ஒரு நிலையத்தைக் கட்டி உலகுக்குக் காட்டியவர் 2001-ல் மறைந்தார். அவருடைய பூர்வீக ஊருக்கு நிஜமான நிலையம் வந்தது அதற்குப் பன்னிரண்டு ஆண்டு கழித்து.

ராசிபுரம் என்றால் நெய். கோழிப்பண்ணைக்காரன் அரைக் கிலோ எடுத்துவருவதாக இருந்தான். பால், இறைச்சி சார்ந்த எதையும் வெளிநாட்டிலிருந்து கையில் எடுத்துவர ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை என்று சொன்னதும் முகம் வாடிவிட்டது. "அப்ப பருப்புப்பொடிக்கு என்னத்தை ஊத்தறது?" "அங்க வெண்ணெய் மலிவுடா, உருக்கிக்கலாம்" என்று சமாதானம் செய்தோம். சமையலறை உள்ள விடுதிகளாகப் பார்த்து எடுப்பது என்று முடிவானது சைவத்துக்காக மட்டுமல்ல. ஒரு வேளை சோறு பொங்கினால் நாலு பேருக்கும் ஓட்டல் செலவு மிச்சம். ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைப்பு. பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள் மட்டும் திறந்திருக்கும். ஆகவே சனிக்கிழமையே அரிசி, காய் வாங்கிவிட வேண்டும் என்று நோட்டில் ஒரு வரி.

விடுதி பற்றி இன்னொரு வரியும் சேர்ந்தது. சில மலிவு விடுதிகளின் பொது அறைகளில் வயது வரம்பு உண்டு. நாற்பதைத் தாண்டியவர்களைச் சேர்ப்பதில்லை. முன்பதிவுக்கு முன் விதிகளைப் படிக்க வேண்டும். யூரெயில் பாஸிலும் இதே கதைதான். 27 வயது வரை இளையோர் சலுகை, 60 ஆனால் மூத்தோர் சலுகை. "நடுவுல நிக்கற நமக்கு முழு ரேட்டு" என்றான் கொலுசுக்காரன்.

இந்தப் பாஸ் மீது எனக்கு இருபத்தைந்து வருட ஆசை. 1959-ல் தொடங்கியது. ஐரோப்பாவுக்கு வெளியே வாழ்பவர்களுக்கு யூரெயில். அங்கேயே வாழ்பவர்களுக்கு 1972 முதல் இன்டர்ரெயில். 33 நாடுகள், ஒரே பாஸ். ஒரு மாதத்துக்குள் நாலு நாள், ஐந்து நாள், ஏழு நாள் என்று பயண நாள்களாக வாங்கலாம். அந்த நாளில் நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை எத்தனை வண்டி வேண்டுமானாலும் ஏறலாம். இரவு வண்டியில் ஏறி, நடுவில் மாறாமல் காலையில் இறங்கினால் ஏறிய நாள் மட்டும்தான் கணக்கு. நான் இதையெல்லாம் கண்கள் மின்ன விவரித்தேன்.

"சரி, பாஸ் இருந்தா எல்லா வண்டிலயும் ஏறலாமா?"

அங்கேதான் இடறல். பிரான்சின் அதிவேக வண்டிகள், இத்தாலி, ஸ்பெயினின் வேக வண்டிகள் எல்லாவற்றிலும் பாஸ் இருந்தாலும் இருக்கைக்குத் தனிக் கட்டணம் கட்டி முன்பதிவு செய்தாக வேண்டும். ஜெர்மனி, ஆஸ்திரியா பக்கம் பெரும்பாலான பகல் வண்டிகளில் அந்தக் கட்டாயம் இல்லை.

லாரிக்காரன் பேனாவைக் காதில் செருகினான். "பாஸ்ங்கறது மாசக் கான்ட்ராக்ட். டிக்கெட்டுங்கறது ட்ரிப் வாடகை. தினம் ஓடற வண்டிக்குக் கான்ட்ராக்ட் லாபம். வாரத்துக்கு ரெண்டு ட்ரிப் ஓடற வண்டிக்கு என்னத்துக்கு?"

*

புதுச்சத்திரம், களங்காணி. இடது பக்கம் கொல்லிமலை நீண்டுகொண்டே வந்தது. சமவெளியில் நீள நீளமான கோழிக் கொட்டகைகள். தன் பண்ணை இருக்கும் திசையைக் காட்டிவிட்டு, இவ்வளவு நேரம் நெய்க் கவலையில் இருந்தவன் வாயைத் திறந்தான்.

"டிக்கெட் விலை தினம் மாறுமா?"

மாறும். அங்கே நெடுந்தூர வண்டிகளுக்கு மாதங்களுக்கு முன்பே வாங்கினால் குறைந்த விலை. நாள் நெருங்க நெருங்க ஏறும். மலிவு டிக்கெட்டில் குறிப்பிட்ட வண்டியில்தான் ஏற வேண்டும். விட்டால் பெரும்பாலும் பணம் போச்சு.

"முட்டை ரேட்டுதான். விலை நல்லா இருக்கற அன்னைக்குப் பேசி முடிச்சுரணும். நாளைக்கு இன்னும் இறங்கும்னு உக்காந்தா அழுகத்தான் வேணும்." தினமும் காலையில் நாமக்கல் மண்டல முட்டை விலையைப் பார்த்துவிட்டுத்தான் பல் துலக்குவான். டிக்கெட் விலையைக் கண்காணிக்கும் பொறுப்பை அந்த இடத்திலேயே அவனிடம் ஒப்படைத்தோம்.

நாமக்கல் நிலையத்தில் பாதிப் பெட்டி இறங்கி, பாதிப் பெட்டி ஏறியது. ஊரின் நடுவே உட்கார்ந்திருக்கும் ஒற்றைப் பாறையையும் மேலே கோட்டைச் சுவரையும் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறோம், பார்க்காதது ரயிலைத்தான். 1856-ல் ராயபுரத்தில் புறப்பட்ட தென்னிந்தியாவின் முதல் தடம் சேலம் வழியாக அரபிக்கடலோரப் பேப்பூரை 1862-லேயே எட்டிவிட்டது. சேலத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தெற்கே இருக்கும் நாமக்கல்லுக்கு ரயில் வந்தது 2013 மே மாதம். இடைப்பட்ட நூற்றைம்பது ஆண்டில் ஊர் சும்மா இருக்கவில்லை. ரயில் இல்லாத ஊர் லாரி கட்டக் கற்றுக்கொண்டது. பாடி பட்டறை, டேங்கர், திருச்செங்கோட்டில் ரிக் வண்டி என்று நாடு முழுக்கச் சக்கரத்தில் போய்வந்தது. முதல் ரயில் வந்த அன்று என் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பார்க்கப் போனேன். கூட்டத்தில் பிள்ளைகளைவிடக் கிழவர்கள்தான் அதிகம் என்று நினைவு.

நாமக்கல் தாண்டி லத்துவாடி வருவதற்குள் பதினொன்று ஐந்தாகியிருந்தது. பிராங்க்பர்ட்டில் இறங்கி கொலோன். அங்கே இரண்டு இரவு. பெர்லின் நான்கு. பிராக் மூன்று. வியன்னா மூன்று. புடாபெஸ்ட் இரண்டு. திரும்பும் விமானம் புடாபெஸ்டிலிருந்தே. இது லாரிக்காரன் திருத்தம். நான் மறுபடி பிராங்க்பர்ட் வந்து ஏறுவதாகப் போட்டிருந்தேன். "காலி வண்டியா அவ்வளவு தூரம் திரும்பறதா?" என்று அடித்துவிட்டான். கொலோன்–பெர்லின், பெர்லின்–பிராக், பிராக்–வியன்னா ஒவ்வொன்றும் ஏறத்தாழ நாலு மணி நேரம். வியன்னாவிலிருந்து புடாபெஸ்ட் மூன்று மணிக்கும் குறைவு. காலையில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு அடுத்த ஊர். தனித்தனி டிக்கெட்டாகப் பார்த்தபோது பாஸைவிட மலிவாகவே வந்தது. என் இருபத்தைந்து வருட ஆசையின் மீது சிவப்புக் கோடு விழுந்தது.

எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் விசா கேட்க வேண்டும். எங்களுக்கு ஆறு இரவு ஜெர்மனியில், ஆகவே ஜெர்மனி. கட்டணம் தலைக்கு 90 யூரோ. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாளுக்குக் குறைந்தால் வாங்கமாட்டார்கள். குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் காப்பீடு கட்டாயம். வங்கிக் கணக்கு, வருமான வரித் தாள், தங்குமிட முன்பதிவு எல்லாம் வைக்க வேண்டும். நான் அரசுச் சம்பளக்காரன். வெளிநாடு போகத் துறை அனுமதி வேறு. "மூணு பேரு பேப்பர் ஒரு வாரத்துல ரெடி. வாத்தி பேப்பர்தான் கடைசி" என்று மற்றவர்கள் முன்கூட்டியே சிரித்துக்கொண்டார்கள்.

*

சர்க்கரை ஆலையும் கரும்புக் காடுமாக மோகனூர் வந்தது. வண்டி காவிரிப் பாலத்தில் ஏறியபோது நாங்கள் வெளியே பார்க்கவில்லை. கொலுசுக்காரன் முக்கியமான கணக்கைத் தொடங்கியிருந்தான்.

"செய்கூலி சொல்லிட்டீங்க. சேதாரம் யாரு சொல்றது?"

நகைக்கடைக்குப் போன எல்லாருக்கும் தெரியும், பில் ஏறுவது சேதாரத்தில்தான். பயணத்திலும் அப்படியே. ஜெர்மன் நிலையங்கள் பலவற்றில் கழிப்பறைக்குக் காசு. பை வைக்கும் பெட்டகத்துக்குக் காசு. விடுதி வாடகைக்கு மேல் பல நகரங்கள் இரவுக் கணக்கில் வரி போடுகின்றன. நாலு நாட்டில் இரண்டில்தான் யூரோ. செக் நாட்டில் கொருனா, ஹங்கேரியில் போரிண்ட். ஒவ்வொரு மாற்றிலும் கொஞ்சம் தேயும். ஏடிஎம் இயந்திரம் 'ரூபாய்க் கணக்கில் கழிக்கட்டுமா' என்று அன்பாகக் கேட்கும்; ஒப்புக்கொண்டால் மோசமான விலையில் மாற்றிவிடும், உள்ளூர் நாணயத்தையே அழுத்த வேண்டும். மொத்தச் செலவில் பத்துக்கு ஒரு பங்கைச் சேதாரம் என்று தனியாக ஒதுக்கினான். பிறகு பொதுப் பை: தினமும் காலையில் நாலு பேரும் சமமாகப் போடுவது, ஒருவன் மட்டும் எடுப்பது, இரவில் லாரி ட்ரிப் ஷீட் மாதிரி வரவு செலவு எழுதுவது. டிக்கெட், ரூம், சாப்பாடு பொதுவில். பீர் அவரவர் பாக்கெட்டில். முப்பது வருட நட்பு நாலு யூரோவில் முறியக்கூடாது என்பதற்கான ஏற்பாடு.

கரூரில் இறங்கி நடைமேடை பெஞ்சில் புளிசாதத்தைப் பிரித்தோம். போர்வையும் துண்டும் நெய்து ஐரோப்பாவுக்கு அனுப்பும் ஊர் இது. நாங்கள் படுக்கப்போகும் விடுதியின் படுக்கை விரிப்பு எங்களுக்கு முன்பே இங்கிருந்து போயிருக்கலாம். எதிர்ப்புறம் ஈரோடு போகும் வண்டி நின்றது. அதைப் பார்த்ததும், இந்தப் பக்கத்திலிருந்து எங்களுக்கு முன்னால் கூட்டாகக் கிளம்பியவர்களைப் பற்றிச் சொன்னேன். 1931 டிசம்பரில் பெரியார், எஸ். ராமநாதன், ஈரோடு ராமு மூவரும் கப்பல் ஏறினார்கள். எகிப்து, கிரீஸ், துருக்கி, சோவியத் ரஷ்யா, ஜெர்மனி, இங்கிலாந்து என்று சுற்றி, இலங்கை வழியாக 1932 நவம்பரில் திரும்பினார்கள்.

"பதினோரு மாசமா?" என்றான் கோழிப்பண்ணைக்காரன்.

"பதினோரு மாசத்துல அவங்க போன நாட்டை நீ பதினஞ்சு நாள்ல போட்டிருந்த" என்றான் லாரிக்காரன். நான் புளிசாதத்தில் கவனம் செலுத்தினேன்.

*

திரும்பும் வண்டியில் கூட்டம். கிடைத்த ஒரே ஜன்னலோர இடத்தில் லாரிக்காரனைத் தள்ளி உட்காரவைத்தோம். ஒரு பிரச்சினை மட்டும் மிச்சமிருந்தது. பிராங்க்பர்ட்டிலிருந்து கொலோனுக்கு இரண்டு தடம். வேகத் தடத்தில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். ரைன் ஆற்றோரத் தடத்தில் அதுபோல் இரண்டு பங்குக்கும் மேல். வண்டி வளைந்து வளைந்து, மலை மேல் கோட்டைகளும் சரிவில் திராட்சைத் தோட்டமுமாகப் போகும். விமானக் களைப்பில் எதற்கு என்று நான் வேகத் தடத்தையே எழுதியிருந்தேன். யாரும் மறுக்கவில்லை.

வாங்கல் தாண்டிப் பாலம் வந்தது. மாலை வெயில் ஆற்றில் நீளவாக்கில் கிடந்தது. நடுவில் மணல் திட்டு, ஓரமாக ஓடும் தண்ணீர், கழுத்தளவு நீரில் எருமைகள். பாலம் நீளமானது, வண்டியும் அவசரப்படவில்லை. லாரிக்காரன் பேசுவதை நிறுத்தி வெகுநேரமாகியிருந்தது.

"பரமத்தி வேலூர்ப் பாலத்துல எத்தனை ஆயிரம் தடவை இந்த ஆத்தைத் தாண்டியிருப்பேன் மாப்ள" என்றான், முகத்தைத் திருப்பாமலேயே. "எதுக்கால வர்ற வண்டி, முன்னால போற வண்டி, கண்ணாடியில பின்னால வர்ற வண்டி. தண்ணி ஓடுதா இல்லையான்னு இன்னைக்குத்தான் பாக்கறேன்."

நாங்கள் மூவரும் எதுவும் சொல்லவில்லை. மோகனூரில் வண்டி நின்று கிளம்பியது. அவன் நோட்டை வாங்கி, கொலோன் பக்கத்தைத் திருப்பி, வேகத் தடத்தை அடித்தான்.

"அந்த ஆத்தோரத் தடத்துல ஆறு எந்தப் பக்கம்டா வரும், வாத்தி?"

வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். தண்டவாளம் ஆற்றின் மேற்குக் கரையில். வண்டி போவது வடக்கே.

"வலது பக்கம்."

காலையிலிருந்து அடிப்பதற்கு மட்டுமே பயன்பட்ட சிவப்புப் பேனாவால், குழந்தை எழுத்தில், அவன் முதல் முறையாக ஒன்றை எழுதினான்: வலது பக்கம்.